சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

'ஓடற கடிகாரத்தைத் திறந்து பார்க்காதே!' இது எங்கப்பா எனக்குச் செய்த முதல் உபதேசம். அவர் சொன்னது நிஜக் கடிகாரத்தைப் பற்றி. ஏழாங்கிளாஸ் படிக்கும்போது, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று அவருடைய கைக்கடிகாரத்தைத் திறந்தேன். மறுபடி மூடினபோது இரண்டு குட்டிப் பல்சக்கரங்கள் வெளியே மீதி இருந்தன. அப்பா அவற்றை ஒரு தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தினார். 'நாளைக்கு உனக்குப் பொண்ணு குடுக்க வர்றவங்ககிட்டே இதைக் காட்டிடறேன். அப்புறம் அவங்க இஷ்டம்' என்றார்.

காட்டினாரோ இல்லையோ, பெண் கொடுத்துவிட்டார்கள். வியாதி மட்டும் குணமாகவில்லை.

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. வயிற்றில் கத்தரிக்காய் சாம்பார். மறுநாள் காலைக்குள் ஒரு கட்டுரை அனுப்பியாக வேண்டும். வருஷக் கடைசி என்பதால் இரண்டு கடைக்காரர்களின் கணக்கு வேறு ('பி.காம். படிச்சிருக்கீங்கள்ல, கொஞ்சம் பார்த்துக் குடுங்க தம்பி!') மேஜை மேல் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் ஒரு பொறுப்பான மனிதன் என்ன செய்வான்? வேலையைப் பார்ப்பான். நான் லேப்டாப்பின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற உட்கார்ந்தேன்.

என் லேப்டாப்பில் இருப்பது டெபியன் என்கிற லினக்ஸ். 'பி.காம். ஆசாமிக்கு எதுக்கு சார் லினக்ஸ்?' என்று நீங்கள் கேட்கலாம். பதில் பி.காமிலேயே இருக்கிறது. இலவசம்!

இதற்கெல்லாம் மூல காரணம் என் மச்சினன். அவன் படிக்கிற காலத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்று இன்னொன்றும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் தயாரித்த பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக பாஸ். ஆபீஸில் ஒரு பாஸ் போதாதென்று லேப்டாப்பிலும் ஒரு பாஸா என்று மற்ற பையன்கள் அதைத் தொடவே இல்லை. இவன் தொட்டான். பாஸின் வம்சாவளியை நோண்டிப் பார்த்தால் அதன் அப்பா டெபியன். இன்றைக்கு பெங்களூரில் லினக்ஸைக் கட்டி மேய்க்கிற வேலையில் இருக்கிறான். என்னைப் போன்றவர்களை மதம் மாற்றுவது அவனுக்கு உபதொழில்.

டெபியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1993 ஆகஸ்ட் 16-ல் அமெரிக்காவில் இயான் மர்டாக் என்கிற மாணவர் ஆரம்பித்தது. காதலி பெயர் டெப்ரா, தன் பெயர் இயான், இரண்டையும் ஒட்டி டெபியன். நம் ஊரில் வீட்டுக்கும் ஆட்டோவுக்கும் செய்கிற வேலையை அவர் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குச் செய்திருக்கிறார். முதலாளி கிடையாது. உலகம் முழுக்க சுமார் ஆயிரம் பேர் சொந்த நேரத்தைச் செலவழித்துக் கட்டிக் காக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். 2023-ல் நம்ம பக்கத்து கொச்சியிலேயே கூடினார்கள்.

ஒவ்வொரு பதிப்புக்கும் 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகளின் பெயர். ஆரம்ப காலத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்த புரூஸ் பெரன்ஸ், அந்தப் படத்தை எடுத்த பிக்ஸாரில் வேலை பார்த்தவர். அதனால்தான் 1996-ல் வந்தது பஸ், 2000-ல் வந்தது பொட்டேட்டோ. உருளைக்கிழங்கு என்று பெயர் வைத்துவிட்டு அதில் பெரிய பெரிய சர்வர்களை ஓட விட்டிருக்கிறார்கள்! 2023-ல் வந்த பன்னிரண்டாவது பதிப்பு புக்வோர்ம். பதின்மூன்றாவது ட்ரிக்ஸி, நீல நிற டைனோசர் பொம்மை.

நான் மார்ச்சில் ஆசைப்பட்டது இந்த ட்ரிக்ஸிக்குத்தான். ஆனால் அப்போது அது வெளியாகவே இல்லை.

வெளியாகாததை எப்படிப் போட முடியும்? இதற்கு ஆபீஸ் பாஷையில் விளக்கம் சொன்னால் சட்டென்று புரியும். டெபியனில் மூன்று வாசல்கள். புதிதாக வருகிற எந்த சாஃப்ட்வேரும் முதலில் 'அன்ஸ்டேபிள்' வாசலில் நுழையும். அதற்கு நிரந்தரப் பெயர் சிட். படத்தில் பொம்மைகளையெல்லாம் உடைத்துப் போடும் பக்கத்து வீட்டுப் பையன்! இதுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அங்கே சில நாட்கள், பெரிய தப்புத்தண்டா இல்லாமல் இருந்தால் 'டெஸ்டிங்' வாசலுக்கு வரும். இது புரொபேஷன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்டிங்கில் இருப்பவர்களை அப்படியே உறையவைத்து, புது ஆள் எடுப்பதைப் படிப்படியாக நிறுத்தி, பழுது பார்த்து, 'ஸ்டேபிள்' என்று அறிவிப்பார்கள். அதாவது வேலை நிரந்தரம், பி.எஃப். உண்டு.

ட்ரிக்ஸியை உறையவைக்கும் படலத்தின் முதல் கட்டம் 2025 மார்ச் 15-ல் ஆரம்பமானது. மறுநாள் நான் உட்கார்ந்தேன். 'உறைய ஆரம்பிச்சாச்சு, இனிமே என்ன ஆகப் போகுது?' என்பது என் கணக்கு. ஐஸ் கட்டியாகும் முன்பு அது தண்ணீர் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கட்டுரை எழுதறீங்களா?"

"எழுதத்தான் போறேன். அதுக்கு முன்னாடி மிஷினை அப்கிரேட் பண்ணிட்டா வேகமா எழுதலாம்."

"மிஷின் வேகமா எழுதுமா, நீங்க வேகமா எழுதுவீங்களா?"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு பதில் சொல்லாமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

முறை ரொம்ப சுலபம். சாஃப்ட்வேர் எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதியிருக்கும். அதில் புக்வோர்ம் என்று இருந்த இடத்தில் எல்லாம் ட்ரிக்ஸி என்று மாற்றினேன். பிறகு ஆப்ட் அப்டேட், ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் என்று இரண்டு மந்திரம். திரையில் எழுத்துக்கள் திருப்பதி உண்டியல் சில்லறை மாதிரி கொட்ட ஆரம்பித்தன.

முதல் அதிர்ச்சி, 'கீழ்க்கண்டவை நீக்கப்படும்' என்று வந்த பட்டியல். ஒரு முழுத் திரைக்கு நீண்டது. ஆட்குறைப்பு லிஸ்ட் மாதிரி! கொஞ்சம் கவனித்துப் பார்த்ததில், நீக்கப்படுகிற பலர் 'டி64' என்று ஒரு வாலை ஒட்டிக்கொண்டு சேர்க்கப்படுவோர் பட்டியலிலும் இருந்தார்கள். வேலையை விட்டு நிறுத்தி, பெயருக்குப் பின்னால் புது டிகிரி போட்டு மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். டி64 என்ன டிகிரி என்று பிற்பாடு சொல்கிறேன்.

இரண்டாவது, நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டது. 'இந்த ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, என்னுடையதைப் போடவா?' நான் எப்போது மாற்றினேன், எதற்கு மாற்றினேன் என்று யாருக்குத் தெரியும்? எண்டரைத் தட்டினேன். எண்டரைத் தட்டினால் பழசையே வைத்துக்கொள்ளும். தாசில்தார் ஆபீஸ் மாதிரி, பேசாமல் இருந்தால் உள்ளது உள்ளபடி.

நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். புது வால்பேப்பர், புது கெர்னல், எல்லாம் ஜோர். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்பா நோட்டெல்லாம் பத்திரமா இருக்கில்ல?" என்றாள்.

அந்த நிமிஷம்தான், கத்தரிக்காய் சாம்பார் வயிற்றில் ஒரு புரட்டுப் புரட்டியது.

அப்பா நோட்டு என்ன என்று சொல்லவேண்டும். அப்பா ஒரு சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். தினமும் ராத்திரி கடை சாத்தினதும் அன்றைய வரவு செலவை நீள நோட்டில் எழுதுவார். வீட்டுச் செலவும் அதிலேயே வரும். கல்லாவும் சட்டைப் பையும் அவருக்கு ஒன்றுதான். நான் கல்லூரியில் இரட்டைப் பதிவு முறை படித்துவிட்டு வந்து, 'அப்பா, பிசினஸ் வேற, பர்சனல் வேற. இப்படி எழுதக்கூடாது' என்று பாடம் நடத்தியிருக்கிறேன். 'சரிங்க ஆடிட்டர் சார்' என்று சொல்லிவிட்டு மறுபடி அப்படியேதான் எழுதுவார்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. பரணில் இருந்த நோட்டுகளில் பாதிக்கு மேல் கரையான் சாப்பிட்டுவிட்டது. தப்பித்தது நாலு. 1999 முதல் 2006 வரை, அதுவும் விட்டு விட்டு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, அதுவும் உதிர்ந்து போவதற்குள் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்தேன். ஆறு நாள் ராத்திரி வேலை. போன் நிரம்பிவிட்டதால் படங்களை லேப்டாப்புக்கு மாற்றி, போனில் அழித்தேன். நோட்டுகள்? தொட்டால் பொடியாகிற நிலைமை. கரையான் வேறு சாமானுக்குப் பரவுகிறதென்று பழைய பேப்பரோடு போய்விட்டது. ஆக உலகத்திலேயே அப்பாவின் கையெழுத்து இருந்த ஒரே இடம் என் லேப்டாப்.

லேப்டாப்பில் எங்கே? அதுதான் கதை. 'அப்புறமா வருஷவாரியா ஃபோல்டர் போட்டு அடுக்கிக்கலாம், இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்' என்று 'டெம்ப்' என்று கண்ணில் பட்ட ஃபோல்டரில் போட்டேன். டெம்ப் என்றால் டெம்பரரிதானே!

எங்கள் கணக்கியலில் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அங்கே போட்டு வைப்பார்கள். அப்புறம் சரி பண்ணலாம் என்று. வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து, 'இது என்ன?' என்று விரலை வைக்கும் முதல் இடம் அதுதான். நான் அப்பாவையே சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைத்திருந்தேன்.

டெம்ப் ஃபோல்டரைத் திறந்தேன். காலி. துடைத்து வைத்த மாதிரி காலி!

மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவள் பாட்டுக்கு எழுந்து போய் மச்சினனுக்கு போன் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"மாமா, டெம்ப்லயா போட்டீங்க?" என்றான். அந்தக் குரலில் இருந்ததை, வட்டிக்கு வாங்கி லாட்டரி சீட்டு எடுத்தவனிடம் பேசுகிறபோது கேட்டிருக்கிறேன்.

"ஆமாடா மாப்ளே. பொங்கல்லேர்ந்து அங்கேதான் இருந்துச்சு. ஒண்ணும் ஆகலையே!"

"பொங்கல்லேர்ந்து ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் பண்ணலையா?"

நான் லேப்டாப்பை அணைக்கிற ஜாதியில்லை. புத்தகம் மாதிரி மூடி வைப்பேன், மறுநாள் திறப்பேன். சொன்னேன்.

"நல்லவேளை, பண்ணியிருந்தா அன்னிக்கே போயிருக்கும். புக்வோர்ம்ல ஒவ்வொரு தடவை மிஷின் புதுசா ஆரம்பிக்கும்போதும் டெம்ப்பைக் கூட்டித் தள்ளிடும் மாமா. ட்ரிக்ஸியில ஒரு மாற்றம். டெம்ப் இனிமே டிஸ்க்லயே கிடையாது, மெமரியில இருக்கும். கரண்ட்டை நிறுத்தினா போச்சு. ரிலீஸ் நோட்ஸுக்கு எழுதி வெச்சிருக்காங்களே, படிக்கலை?"

"கல்யாணப் பத்திரிகை வந்தா யாருடா முழுசாப் படிப்பாங்க?"

"மண்டபம் எதுன்னாவது பார்ப்பீங்கள்ல?"

இதற்கும் பதில் சொல்லவில்லை.

"சரி, கை வைக்காதீங்க. எதையும் எழுதாதீங்க, அழிக்காதீங்க. நான் சொல்றதை எழுத்துக் கூட்டி அடிங்க."

அவன் சொல்லச் சொல்ல ஒரு வரி அடித்தேன். மவுன்ட், பைண்ட் என்று ஏதோ வந்தது. விஷயம் இதுதான். புது டெம்ப் என்பது பழைய டெம்ப்பின் மேல் போட்ட பாய். பாய்க்குக் கீழே தரை அப்படியேதான் இருக்கிறது. பாயைத் தூக்காமல், அதே வீட்டுக்கு இன்னொரு வாசல் திறந்து பார்த்தால் தரை தெரியும். அந்த ஒரு வரி அந்த இன்னொரு வாசல்.

புது வாசலில் நுழைந்து, டெம்ப்பைத் திறந்தேன். வரிசையாகப் படங்கள். முதல் படத்தில் பிள்ளையார் சுழி, கீழே அப்பாவின் சாய்ந்த எழுத்து. 'து.பருப்பு 2 மூட்டை.'

"இருக்குடா மாப்ளே" என்றேன். குரல் கொஞ்சம் பிசிறியது. அவன் நாகரிகமாக, "சிக்னல் சரியில்ல மாமா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஒழுங்காகப் பழைய புக்வோர்மிலேயே இருந்து, என்றைக்காவது சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்திருந்தால் டெம்ப் மொத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கும். ட்ரிக்ஸிக்கு மாறியதால் துடைப்பம் புதுப் பாயின் மேல்தான் ஓடியது, அடியில் இருந்தது பிழைத்தது. அதாவது என் முட்டாள்தனம் நம்பர் ஒன்றை, முட்டாள்தனம் நம்பர் இரண்டு காப்பாற்றியிருக்கிறது. மைனஸும் மைனஸும் பிளஸ். ஆனால் இதை மனைவியிடம் ஒரு வாதமாக வைக்க முயலாதீர்கள்.

அன்று ராத்திரி, பூனை வெளியேறினபின் பால் மூடுகிற கதையாக, ரிலீஸ் நோட்ஸுக்காக அதுவரை சேர்ந்திருந்த குறிப்புகளைப் படித்தேன். நேர்த்தியான ஆடிட் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. என்ன மாறியிருக்கிறது, எதில் கால் இடறும், இடறினால் எப்படி எழுந்திருப்பது, எல்லாமே. பாயைத் தூக்குகிற அந்த ஒரு வரி உட்பட!

டி64 விவகாரமும் புரிந்தது. கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்று எண்ணி வைத்திருக்கின்றன. பழைய 32-பிட் முறையில் அந்த எண்ணிக்கை அதிகபட்சம் 214,74,83,647 வரைதான் போகும். அதற்கு மேல் கல்லாப்பெட்டியில் இடமில்லை. அது நிரம்புகிற நாள் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்ம நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. (பஞ்சாங்கம் பார்த்தேன். எமகண்டத்துக்குக் கால்மணி நேரம் முன்னாடி!) அடுத்த விநாடி, அந்த மாதிரி மிஷின்கள் 1901 டிசம்பர் 13-க்குத் தாவிவிடும். என் வீட்டுக் கடன் முடிவது 2040-ல். 1901-க்குப் போனால் பேங்க் இன்னும் கடனே கொடுக்கவில்லை என்று கணக்காகும். நல்லதுதான். ஆனால் சம்பளமும் வந்திருக்காது.

இதற்காக நேரத்தை 64-பிட்டாக மாற்றி, ஆயிரக்கணக்கான சாஃப்ட்வேர்களை 2024-ல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மாறினவற்றுக்கு அடையாளம்தான் டி64 என்கிற வால். பதினான்கு வருஷம் கழித்து வரப்போகிற ஒரு செவ்வாய்க்கிழமைக்காக, சம்பளமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலைக்குக் கட்டுரை எழுதாத எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ட்ரிக்ஸி பிற்பாடு 2025 ஆகஸ்ட் 9-ல் முறைப்படி வெளியானது. 69,830 பொட்டலங்கள் அதில். டெஸ்டிங் நாற்காலியில் அடுத்து வந்து உட்கார்ந்த பெயர் ஃபோர்க்கி. ஸ்பூனும் முள்கரண்டியும் கலந்த பிளாஸ்டிக் கரண்டிக்குக் கையும் காலும் ஒட்டிச் செய்த பொம்மை. படத்தின் ஆரம்பத்தில் தன்னைக் குப்பை என்று நினைத்து, குப்பைத்தொட்டியில் குதித்துக்கொண்டே இருக்கும். இனிமேல் யாராவது டெஸ்டிங் பதிப்புக்கு மாற ஆசைப்பட்டால், சூடு கண்ட பூனை என்ற முறையில் சில விதிகள்:

ஒன்று. முதலில் நகல். லேப்டாப்பில் ஒன்று, வெளியே ஒரு டிரைவில் ஒன்று, வீட்டுக்கு வெளியே எங்காவது ஒன்று. நகல் எடுத்தால் போதாது, திறந்து பாருங்கள். டிரையல் பேலன்ஸ் போடாமல் பேலன்ஸ் ஷீட் போடக்கூடாது.

இரண்டு. ரிலீஸ் நோட்ஸைப் படியுங்கள். முழுசாக முடியாவிட்டால், 'கவனிக்க வேண்டியவை' என்று தனி அத்தியாயம் இருக்கும். அதையாவது. மண்டபம் எது என்று தெரிய வேண்டும்.

மூன்று. படி தாண்டாதீர்கள். பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்கு நேராகக் குதிக்க முடியாது. பன்னிரண்டு வழியாகத்தான் வர வேண்டும். வருவதற்கு முன் இருக்கிற பதிப்பின் எல்லா அப்டேட்டும் முடித்திருக்க வேண்டும். வெளி ஆட்களிடமிருந்து சாஃப்ட்வேர் வாங்குகிற வரிகள் இருந்தால், அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பெரும்பாலான சண்டை சம்பந்தி வீட்டாரால்தான் வரும்.

நாலு. ரொம்ப முக்கியம். அந்த ஃபைலில் 'டெஸ்டிங்' என்று எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். கவரில் 'மேனேஜர்' என்று எழுதினால், மேனேஜர் மாற்றலாகிப் போனதும் தபால் புது ஆளுக்குப் போய்விடும். 'ட்ரிக்ஸி' என்று எழுதியவர்கள், அது நிரந்தரமானபோது கூடவே நிரந்தரமானார்கள். 'டெஸ்டிங்' என்று எழுதியவர்கள், ஆகஸ்ட்டில் தங்களுக்கே தெரியாமல் ஃபோர்க்கியோடு குப்பைத்தொட்டிப் பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

ஐந்து. இரண்டு தவணையாகச் செய்யுங்கள். முதலில் புதிதாக எதையும் சேர்க்காத சின்ன அப்கிரேட், அப்புறம் முழு அப்கிரேட். 'நீக்கப்படும்' பட்டியலைப் படித்த பிறகு 'ஒய்' தட்டுங்கள். நீங்கள் தினமும் உபயோகிக்கிற பெயர் அதில் வால் இல்லாமல் இருந்தால், கையை எடுத்துவிடுங்கள். இது ஒருவழிப்பாதை. திரும்பி வர டெபியன் வழி வைக்கவில்லை.

ஆறு. பரணில் பழைய 32-பிட் இன்டெல் நெட்புக் இருந்தால் விட்டுவிடுங்கள். ட்ரிக்ஸியில் அதற்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. மிஷின் 64-பிட் என்றால் புதிதாக நிறுவுங்கள், இல்லையென்றால் ஓய்வு கொடுங்கள் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். வி.ஆர்.எஸ்.! என்னுடையது இப்போது பூஜை அறையில் ஊதுபத்தி ஸ்டாண்டுக்கு மேடை.

ஏழு. சோறு போடுகிற மிஷினில் டெஸ்டிங் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள்கூட ஸ்டேபிளுக்கு வருகிற சுருக்கில் டெஸ்டிங்குக்கு வருமென்ற உத்தரவாதம் கிடையாது. வேறு ஒரு பழைய மிஷின் இருந்தால் அதில் ஆடுங்கள். ஆடிப் பார்த்து, கண்ட தப்பை எழுதி அனுப்புகிறவர்களால்தான் நமக்கு ஸ்டேபிள் ஒழுங்காக வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாரும் என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமை கூத்துக்காரர்கள் இல்லை.

எட்டு. டெம்ப்பில் எதையும் வைக்காதீர்கள். இது டெபியனுக்கு மட்டுமில்லை. 'இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்' என்று நாம் வைக்கிற எதுவும் அங்கேயேதான் இருந்துவிடுகிறது, யாராவது பாயை விரிக்கிற வரைக்கும்.

அன்று ராத்திரி படங்களை மூன்று இடத்தில் நகல் எடுத்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். (விதி ஒன்று.) பொங்கலுக்குப் படம் எடுக்கும்போது வெளிச்சம் விழுகிறதா, விரல் மறைக்கிறதா என்று பார்த்தேனே ஒழிய, எதையும் படிக்கவில்லை. இப்போதுதான் படித்தேன்.

2005 ஜூன். 'பையன் காலேஜ் 6,000. எதிர்க்கடை, கைமாத்து.' அதற்குப் பிறகு மாதம் தவறாமல் 'எதிர்க்கடை 500' என்று பன்னிரண்டு வரி. நான் பி.காம். சேர்ந்த அன்றைக்கு, 'சீட்டு எடுத்த பணம் இருக்குடா, நீ போய்ச் சேரு' என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதத்தில்தான் நான் அவருக்கு இரட்டைப் பதிவு முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் கணக்கில் என் படிப்பு பிசினஸும் இல்லை, பர்சனலும் இல்லை. ஒரே கல்லா.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்தப் பன்னிரண்டு வரியையும் விரல் வைத்து எண்ணினாள். "சரியா இருக்கு" என்றாள். ஆடிட் முடிந்தது.

பின்குறிப்பு: 2000-ம் வருஷ நோட்டில் ஓர் இடத்தில் இப்படி இருக்கிறது. 'கடிகாரம் ரிப்பேர் 85. பையன் வேலை.' பக்கத்திலேயே, தனக்குத்தானே எழுதிக்கொண்ட மாதிரி இன்னொரு வரி. 'அடிக்க வேண்டாம்.'

கட்டுரையை மறுநாள் சாயங்காலம்தான் அனுப்பினேன்.